மரத்துக்குப் பின்னால் வந்த காற்று

முதலில் வம்புக்கு வந்தவன் திம்மராயன். நான் இல்லை.

மாங்காய் மண்டியில் பத்துப் பேர் முன்னால் சொன்னான்.

"உன் புளோயர் காத்துல தலைமுடிகூட ஆடாது. அதான் உன் தோப்புப் பூவையெல்லாம் தத்துப்பூச்சி உறிஞ்சிட்டுப் போகுது."

எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

புளோயர் என்பது டிராக்டருக்குப் பின்னால் பூட்டுகிற மருந்து இயந்திரம். பெரிய விசிறி ஒன்று மருந்தைக் காற்றோடு சேர்த்து மரத்துக்குள் ஊதும்.

இரண்டு வருடமாக என் மாமரங்கள் பூக்கின்றன, காய்ப்பதில்லை. இந்தப் பூவும் உதிர்ந்தால் மரங்களை வெட்டிவிடலாம் என்று மகள் சொல்லிவிட்டாள்.

பர்கூர் சாலையில் பவுனம்மா என்று ஒருத்தி புளோயர் பழுது பார்க்கிறாள். என்னைவிட இருபது வயது சின்னவள். நான் பள்ளிக்கூடத்திலேயே யார் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை. அன்று அவள் முன்னால் நின்றேன்.

"என்னண்ணா, வண்டி நின்னுடுச்சா?"

"ஓடுது. காத்து எவ்வளவுன்னு அளந்து, ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடும்மா."

"யாருக்கு?"

"திம்மராயனுக்கு."

"ஏன், அவர் மேல பூச்சி விழுந்திருக்கா?"

அவள் சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு தோப்புக்கு வந்தாள்.

வேலியோரம் புளோயரை நிறுத்தி விசிறியை ஓடவிட்டோம். வேலிக்கு அந்தப் பக்கம் திம்மராயன் தோப்பு. அவன் கண்ணில் படட்டும் என்றுதான் அங்கே நிறுத்தினேன்.

உள்ளங்கை அகலத்தில் சின்ன விசிறி வைத்த, காற்றின் வேகம் காட்டுகிற மீட்டர் ஒன்றை என்னிடம் கொடுத்தாள்.

"நீங்களே அளங்க."

புளோயரின் வாயருகே அங்கும் இங்கும் காட்டினேன். ஓர் இடத்தில் இருபது. கீழே பதினெட்டு. மேலே வலது மூலையில் முப்பத்தெட்டு. கையை அங்கேயே வைத்துக்கொண்டேன்.

"முப்பத்தெட்டு. திம்மராயன் தன்னுது முப்பத்தொண்ணுன்னுதான் பீத்திக்கறான். எழுதும்மா."

"எழுதுறேன். இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கு. இந்த மரத்துக்கு அந்தப் பக்கம், வேலியோரமா போய் நில்லுங்க."

போகத் திரும்பினேன். மீட்டரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அப்போ எதை வெச்சு அளக்கறது?"

"நீங்களே போதும்."

தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றினாள். டிராக்டரில் அவளே ஏறினாள்.

நான் கட்டியிருந்தது சலவை வேட்டி. சொல்ல வாயைத் திறந்தேன். வாய்க்குள் தண்ணீர் வந்தது.

வண்டி கடந்து போனபோது தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நின்றேன். துண்டு பறந்து வேலியில் மாட்டியிருந்தது.

"காத்து வந்துச்சாண்ணா?"

"பார்த்தா தெரியலையா?"

"இப்போ மரத்துக்குள்ள கையை விடுங்க."

விட்டேன். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் படுத்திருந்தன. மேல் இலை நனைந்திருந்தது. அதை விலக்கினால் அடி இலை தூசியோடு காய்ந்து கிடந்தது. பூங்கொத்தின் நடுவிலும் ஈரம் இல்லை. ஒரு தத்துப்பூச்சி நிதானமாக என் விரல்மேல் ஏறியது.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் திம்மராயன் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"வெயில் காயும்போது எங்கிருந்துடா மழை?"

பவுனம்மா வேலியருகே போனாள். "அண்ணா, உங்க வேலியோர வரிசை மட்டும் பச்சைப் பசேல்னு இருக்கே. என்ன மருந்து அடிக்கறீங்க?"

"இந்த வரிசைக்கா? ரெண்டு வருசமா ஒண்ணும் அடிக்கறதில்லம்மா. தானா காய்க்குது. மண்ணு ராசி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். "இவனுக்கு என்ன, குளிக்க வேற இடம் கிடைக்கலையா?"

போய்விட்டான்.

பவுனம்மா என்னைப் பார்க்கவில்லை. விசிறியின் கியரை ஒன்று இறக்கிக் காற்றைக் குறைத்தாள். தொட்டியில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

"போய் நில்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வண்டி கடந்து போனது. முகத்தில் லேசாக ஒரு குளிர்ச்சி, அவ்வளவுதான்.

"தண்ணி திறந்துவிடலையாம்மா?"

"கையை விடுங்க."

அடி இலை சொட்டியது. பூங்கொத்து காம்பு வரைக்கும் நனைந்திருந்தது.

ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

மறுநாள் அதே கியரில் மருந்தடித்தேன். மூன்றாம் வாரம் மிளகு அளவுக்குப் பிஞ்சு பிடித்தது. மகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பிஞ்சுகளை எண்ண ஆரம்பித்தாள். பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தாள்.

அந்த வாரமே பவுனம்மாவிடம் போனேன்.

"எல்லாம் சரி. ஆனா ரெண்டு வருசமா என் மருந்துல தோப்பு வளர்த்துட்டு, பத்துப் பேர் முன்னாடி என்னையே கேலி பண்ணினான். அந்தப் பத்துப் பேர் முன்னாடி அவன் வாயால எனக்கு ஒரு வார்த்தை வரணுமா, வேண்டாமா?"

"வரணும்."

"எப்படி வாங்கறது?"

"சுலபம். என் மருந்து என் மரத்துல நிக்காம உன் மரத்துக்குப் போச்சுன்னு மண்டியில நீங்க சொல்லுங்க. அவர் ஒத்துக்குவார்."

தினமும் மண்டிக்குப் போகிறேன். திம்மராயன் பக்கத்திலேயே உட்காருகிறேன். வாயைத் திறக்கிறேன்.

டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.