மடக்கச் சொன்னது யார்?

விமானப்படைத் தளத்தில் குரூப் கேப்டன் ரங்கபாஷ்யத்துக்குக் குடை பிடிக்கிறவன் சவரியப்பன்.

அன்று பேய் மழை. தூரத்துத் தீவொன்றில் வெள்ளம் புகுந்து, ஜனங்கள் கூரைமேல் தவித்தார்கள். அவர்களை மீட்க ஒரு ஹெலிகாப்டரைச் சரக்கு விமானத்துக்குள் ஏற்றி அனுப்ப வேண்டும்.

"ஹெலிகாப்டர் மேல சுத்துற இறக்கையை மடக்கினாத்தான் சார் விமானத்து வாசலுக்குள்ள போகும்" என்றார்கள் ஊழியர்கள்.

"மடக்கக் கூடாது! அங்கே டி.வி.காரங்க நிற்பாங்க. விரிச்ச இறக்கையோட கம்பீரமா இறங்கணும். இது என் உத்தரவு!" என்றார் கேப்டன்.

யாருக்கும் எதிர்த்துப் பேசத் துணிவில்லை. கேப்டன் விறைப்பாக ஜீப்பில் ஏறப் போனார். சவரியப்பன் விரித்த குடையோடு அவருக்கு முன்னால் ஜீப்புக்குள் நுழையப் பார்த்தான். குடை கதவில் சிக்கியது. முட்டினான், சாய்த்தான், பின்வாங்கி ஓடிவந்து மறுபடி முட்டினான். வெளியே கேப்டன் தொப்பலாக நனைந்தார்.

"அடேய், மடக்குடா! மடக்கினாத்தானே உள்ளே போகும்!" தளமே அதிரக் கத்தினார்.

சவரியப்பன் சட்டென்று ஊழியர்கள் பக்கம் திரும்பினான். "கேட்டுச்சா? சார் உத்தரவு போட்டுட்டார். மடக்குங்க!"

ஸ்பானரும் கையுமாக ஓடினார்கள் அத்தனை பேரும், சிரிப்பை அடக்க முடியாமல். கேப்டன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மழைத் தண்ணீர்தான் உள்ளே போனது.

மாலையில் டி.வி.யில், கோழியை இடுக்கிக்கொண்டு ஒரு கிழவர் கூரையிலிருந்து ஹெலிகாப்டருக்குள் ஏறினார்.

"இவ்வளவு சீக்கிரம் எப்படி அனுப்பினீங்க?" மேலதிகாரி போனில் பாராட்டினார்.

"இறக்கையை மடக்கச் சொல்லி நானே உத்தரவு போட்டேன் சார்" என்றார் கேப்டன்.

"ஆமா சார், என் காதால கேட்டேன்" என்றான் பக்கத்தில் நின்ற சவரியப்பன்.