வெள்ளிக்கிழமை அப்டேட்

மாங்கோட்டை ராஜா செம்பியராயருக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அன்று போனும் கையுமாகச் சபையில் குதித்தார்.

"அழகப்பிள்ளை, வெள்ளிக்கிழமை தவறாமல் செயலிக்கு அப்டேட் அனுப்புகிறீர். வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, எனக்குக் கண் பூத்துப்போகிறது. திறந்தால் அதே நிறம், அதே பொத்தான். என்னய்யா மாறியது?"

அரண்மனைக்காரர்கள் தங்களுக்குள் சேதி அனுப்பிக்கொள்ளும் அந்தச் செயலியைச் செய்தவர் அழகப்பிள்ளை. அவர் வாய் திறப்பதற்குள் திவான் நரசப்பர் முந்திக்கொண்டார். பிள்ளையின் இடத்தில் தன் மைத்துனனை உட்காரவைக்க அவருக்கு நெடுநாள் ஆசை.

"வேலை செய்வதுபோல் பாவனை, மகாராஜா. நான் ஆறு மாதமாக அப்டேட்டைத் தொடவே இல்லை. எனக்கு என்ன கேடு வந்துவிட்டது?"

"கேட்டீரா பிள்ளை? நாளை இதே சபையில் அந்த மாற்றத்தை என் கண்ணில் காட்டும். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டும்."

பிள்ளை செய்தது செயலியில் இருந்த ஓர் ஓட்டையை அடைத்தது. அடைத்துவிட்ட ஓட்டையை எப்படிக் காட்டுவது? வீட்டில் சோறு இறங்கவில்லை. பாதியில் எழுந்து கை கழுவும்போதுதான் திவான் அடித்துக்கொண்ட பெருமை ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பவும் இலைமுன் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சபையில் தன் போனை எடுத்தார். "மகாராஜா, இதிலிருந்து தங்கள் சேதிகளைத் திருட்டுத்தனமாகப் படிக்கப் பார்க்கிறேன். உத்தரவு வேண்டும்."

"பாரும்."

தட்டினார். திறக்கவில்லை. மூன்று முறை தட்டியும் திறக்கவில்லை.

"அடுத்தது திவான் அவர்களுடையது. ஆட்சேபம் உண்டா?"

"தாராளமாக," என்று மீசையைத் தடவினார் திவான்.

ஒரே தட்டு. திறந்துகொண்டது. பிள்ளை உரக்கப் படித்தார்: "'மைத்துனா, ராஜா இன்றும் சொந்தக் கவிதை படித்தார். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.'"

திவான் முகத்தில் ஈயாடவில்லை.

"இந்த ஓட்டையைத்தான் போன வெள்ளிக்கிழமை அடைத்தேன், மகாராஜா. தங்கள் போனில் அடைபட்டுவிட்டது. இவர் போனில் அப்படியே கிடக்கிறது."

ராஜா சபையைச் சுற்றிப் பார்த்தார். தளபதி, புரோகிதர், மந்திரிகள் எல்லாரும் குனிந்த தலை நிமிரவில்லை.

"பாவம், திவானுக்காக வெட்கப்படுகிறார்களோ?" என்றார் ராஜா.

"இல்லை மகாராஜா. எல்லாரும் அப்டேட் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டார். திவானையும் மன்னித்துவிட்டார், கவிதை நேரத்தில் இனி அவர் முதல் வரிசையில், காதைச் சோதித்த பிறகே உட்கார வேண்டும் என்று சொல்லி.