காடை வாங்கிய வட்டியில்லா நெல்

நெல் பால் பிடிக்கிற பருவம். வயல் வரப்பின் மூலையில், கோரைப்புல் மறைவில், பொரிச்சி என்கிற காடை ஏழு குஞ்சுகளோடு குடியிருந்தது. குஞ்சுகள் அப்போதுதான் முட்டையை விட்டு வந்தவை. பறக்கத் தெரியாது. பசிக்க மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் பார்த்து வரப்பு நெடுகக் களைக்கொல்லி அடித்துவிட்டார்கள். புல் விதையெல்லாம் கருகிப் போனது. வயலில் கதிர் இருக்கிறது, மணி முற்றவில்லை. பொரிச்சி என்ன செய்யும், பாவம்? வாய்க்கால் கரையில் வளை வைத்திருந்த பெருச்சாளியிடம் போய் நின்றது.

பெருச்சாளிக்குத் தொந்தியப்பன் என்று பெயர். போன அறுப்பு நெல்லும், அதற்கு முந்தின அறுப்பு நெல்லும் அதன் வளைக்குள் குவிந்து கிடந்தன.

“அண்ணே, குஞ்சுகளுக்குக் கொஞ்சம் நெல்லு வேணும். அறுப்பு வந்ததும் பொறுக்கித் தந்துடுறேன்.”

“தாராளமா எடுத்துக்கோ தங்கச்சி. அறுப்பு முடிஞ்சு வைக்கோல் கட்டுற வரைக்கும் வட்டியே கிடையாது. எடுத்ததை அப்படியே கொடுத்தாப் போதும்.”

“வட்டியே கிடையாதா?”

“கிடையாது. ரோட்டுல சந்தை வண்டி போற நாளெல்லாம் என் வாசல்ல அஞ்சு நெல்லு மணி போட்டுடு. கணக்கு நடப்புல இருக்கணும்ல, அதுக்கு. வைக்கோல் கட்டின பிறகும் பாக்கி நின்னா, சந்தைக்குச் சந்தை பாக்கியில பாதி வட்டியா ஏறும். உழவுக்குள்ள அடையலைன்னா உன் வரப்பு மூலை எனக்கு.”

பின்னால் சொன்னதெல்லாம் பொரிச்சியின் காதில் சரியாக விழவில்லை. வட்டி கிடையாது என்பது முன்னாடியே போய் அங்கே உட்கார்ந்துகொண்டது.

முதலில் குஞ்சுகளுக்கு மட்டும்தான் எடுத்தது. பிறகு தானும் ரெண்டு வாய் தின்றது. பக்கத்து வயலிலிருந்து தங்கச்சிக் காடை குடும்பத்தோடு வந்து நாலு நாள் தங்கியபோது, விருந்துக்கும் வளையிலிருந்தே நெல் வந்தது. வட்டிதான் இல்லையே. சந்தை வண்டி போகும்போதெல்லாம் மறக்காமல் அஞ்சு மணியைப் போட்டுவிட்டு, கடனையே அடைத்துவிட்ட மாதிரி நிம்மதியாக வீடு திரும்பியது.

அறுப்பு வந்தது. மிஷின் போன தடத்தில் நெல் சிந்திக் கிடந்தது. வயல் நடுவே குடியிருந்த ஆள்காட்டிக் குருவி குரல் கொடுத்தது. அது எதையும் மெதுவாகச் சொல்லிப் பழகாதது.

“ஏ பொரிச்சி! முதல்ல அந்தத் தொந்தியப்பன் பாக்கியைப் பொறுக்கிப் போடு. அப்புறம் தின்னுக்கலாம்.”

“இன்னும் வைக்கோல் கட்டலையேக்கா. பிள்ளைங்க இப்பத்தான் வயிறாரத் திங்குதுங்க.”

அதுவும் நியாயம்தான். பசித்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் கடனுக்கு எடுத்து வைப்பாள்?

ஒரு நாள் வைக்கோல் கட்டும் மிஷினும் வந்து போனது. அன்று சாயங்காலம் தொந்தியப்பன் வரப்பில் ஏறி வந்தது.

“தங்கச்சி, இருக்கியா?”

காடைக்கு வம்சவழியாக ஒரு பழக்கம் உண்டு. ஆபத்து என்றால் ஓடாது, கத்தாது. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். பருந்து வட்டமிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். பொரிச்சி குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது.

தொந்தியப்பன் மூக்கை ஆட்டி மோப்பம் பிடித்தது. ரெண்டு முழ தூரத்தில் எட்டு பேர் மூச்சு விடுகிறார்கள் என்று அதற்குத் தெரியாதா? ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டது.

“பார்த்தீங்களா, போயிடுச்சு” என்றது பொரிச்சி.

அடுத்த சந்தை நாளிலும் அப்படியே கிடந்தது. அதற்கடுத்த ரெண்டு சந்தைக்கும் அப்படியே. வாசலில் போடும் அஞ்சு மணியும் நின்று போனது.

ஒரு காலை ஆள்காட்டி பறந்து வந்து இறங்கியது. “தொந்தியப்பன் புது வளை வெட்டுறான். உன் மூலையைப் பார்த்துத்தான் வருது.”

“அவரே வந்து பார்த்துட்டுப் போயிட்டாரேக்கா.”

“அடி பைத்தியக்காரி, பருந்துக்கு நீ இருக்கிற இடம் தெரியாது, அதனால போகுது. கடன் கொடுத்தவனுக்கு உன் வீடே தெரியும். நீ பதுங்கினா அவனுக்கு என்ன நஷ்டம்?”

 குஞ்சுகளால் இன்னும் நெடுந்தூரம் பறக்க முடியாது. இந்த மூலையும் போனால், மொட்டை வயலில் பருந்துக்கு இரையாவதைத் தவிர வேறு வழியில்லை. அன்றுதான் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, பயம் இருக்கும்போதே எழுந்து தொந்தியப்பன் வளைக்கு நடந்தது.

“அண்ணே, என் பாக்கி எவ்வளவு?”

தொந்தியப்பன் சொன்னது. எடுத்ததைப் போல மூணு மடங்குக்கும் மேலே.

“அஞ்சு அஞ்சா போட்டேனேண்ணே!”

“கழிச்சாச்சு. எடுத்தது குவியல், போட்டது அஞ்சு மணி. என்ன குறையும்?”

“நாங்க பதுங்கிக் கிடந்தது தெரிஞ்சுதான் திரும்பிப் போனீங்களா?”

“தெரிஞ்சுதான். உன்னை நான் எதுக்கு எழுப்பணும்? நீ கண்ணை மூடிக் கிடந்தா என் நெல்லு தானா விளையுது. நாத்து நட வேண்டாம், தண்ணி பாய்ச்ச வேண்டாம். தவணைக்குள்ள கொடுக்கிறவங்களால எனக்கு ஒரு மணி லாபமில்லை தங்கச்சி. உன்னை மாதிரி ஆளுங்களாலதான் இந்த வளை நிறையுது.”

அதன் பேச்சில் கோபமும் இல்லை, ஒளிவும் இல்லை. வட்டி எப்போது ஏறும் என்று முதல் நாளே சொல்லியும் இருந்தது. பொரிச்சி திரும்பி வந்து குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கியது.

வைக்கோல் கட்டியபின் வயலில் நெல் ஏது? எலி தின்றது போக, கொக்கு மிதித்தது போக, வெடிப்புக்குள் ஒன்றும் வரப்போரத்தில் ஒன்றுமாகக் கிடந்தது. தாயும் ஏழு பிள்ளைகளும் பகல் முழுக்க அதைக் கிளறி எடுத்தார்கள். எடுத்ததில் ஒரு மணிகூட வாயில் போடவில்லை. ஆள்காட்டி மேட்டில் நின்று பருந்துக்குக் காவல் இருந்தது. அதனிடம் கொடுக்க நெல் இல்லை. குரல் இருந்தது, அதைக் கொடுத்தது.

உழவு டிராக்டர் சத்தம் வாய்க்கால் பாலத்தில் கேட்டபோது, பொரிச்சி கடைசி மணியை வளை வாசலில் வைத்தது. தொந்தியப்பன் எண்ணிப் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு” என்று உள்ளே போனது.

வரப்பு மூலை தப்பியது. ஆனால் மழைக்காலத்துக்கென்று அந்த வீட்டில் ஒரு மணி நெல் இல்லை. ஏழு பிள்ளைகளும் கறையான் பொறுக்கித் தின்று, மெலிந்துதான் வளர்ந்தன.

வட்டியில்லை என்று தவணை கிடைத்தால், எவ்வளவு பாக்கி என்று கண்ணைத் திறந்து கேட்டு, அந்தத் தவணைக்குள்ளேயே முழுக் கடனையும் அடைத்துவிட வேண்டும்.