கட்டியம் முடியாத மாளிகை

ஐப்பசி வெள்ளிக்கிழமை, பொழுது விடிந்து பத்து நாழிகை. மழை மூன்று நாளாக விடவில்லை. முன்னொரு காலத்து அந்த நேரத்தில், கேட்பவர்களே, மணலூர்ச் சிற்றரசின் மாளிகையில் மூன்று உடன்பிறப்புகள் மறைந்த தந்தையின் பட்டங்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூத்தவள் உமையாள். அடுத்தவன் நெடுவேள். இளையவன் இளங்கண்ணன். தந்தைக்கோ ஒரே மூச்சில் சொல்ல முடியாத அளவு பட்டங்கள். அவ்வூரில் ஒரு வழக்கம் இருந்தது: ஆணையிடுபவரின் பட்டங்கள் எல்லாவற்றையும் கட்டியங்காரர் உரக்கச் சொல்லி முடித்த பிறகே ஆணை செல்லும்.

“எனக்கு ‘ஏரி காவலர்’ ஒன்று போதும்,” என்றாள் உமையாள். “ஒவ்வொரு மழைக்கும் அப்பாவோடு மதகடியில் நின்றவள் நான்.”

“பெண்ணுக்குக் கட்டியம் கூறி நம் கட்டியங்காரரின் தொண்டை பழகவில்லையே, அக்கா,” என்றான் நெடுவேள்.

“பாவம், வயதானவர்,” என்றான் இளங்கண்ணன்.

தம்பிகள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

அப்போது மதகுக்காரர் நனைந்தபடி ஓடிவந்தார். “கரை கசிகிறது, ஐயா. மதகைத் திறக்க ஆணை வேண்டும். தாமதித்தால் கீழத்தெரு மிஞ்சாது.”

நெடுவேள் எழுந்தான். கட்டியங்காரர் தொடங்கினார்: “சிங்கத்தை முறைத்த செம்மல், மலையை நகர்த்திய மன்னர்…”

“மலை என் பங்கு,” என்றான் இளங்கண்ணன்.

கட்டியங்காரர் முதலிலிருந்து தொடங்கினார்.

“சிங்கமும் என் பங்கு.”

மறுபடியும் முதலிலிருந்து. மூன்றாம் முறை ‘ஏரி காவலர்’ வரை வந்ததும், “அது எனது,” என்று இருவரும் ஒருசேரச் சொன்னார்கள். கசிந்த தண்ணீர் மாளிகையின் வாசற்படியைத் தொட்டது.

“மதகைத் திறந்துவிடுங்கள்,” என்றாள் உமையாள்.

கட்டியங்காரர் தயங்கினார். “அம்மணி, பட்டங்களைச் சொல்லி முடிக்காமல்…”

“எனக்குத்தான் ஒன்றும் கொடுக்கவில்லையே. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்தாயிற்று.”

கட்டியங்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். குறையொன்றும் தெரியவில்லை.

“ஆணை செல்லும்,” என்றார்.

மதகு திறந்தது, கரை நின்றது, கீழத்தெரு பிழைத்தது. மாலையில் தம்பிகள் தலைகுனிந்து வந்து, ‘ஏரி காவலர்’ பட்டத்தை அக்காளிடம் ஒப்படைத்தார்கள்.

மறுநாள் காலை நெடுவேள் கரைக்கு மண் சுமந்தான். இளங்கண்ணனும் சுமந்தான், யார் கூடை பெரிது என்று வழியெல்லாம் சண்டை. கட்டியங்காரர் சுக்குநீர் குடித்துவிட்டு, “ஏரி காவலர் உமையாள்” என்று தொண்டையைப் பழக்கினார். அதைக் கேட்க உமையாள் அங்கே இல்லை. விடியுமுன்பே மதகடிக்குப் போய்விட்டாள்.

ஆகவே, ஆணாயினும் பெண்ணாயினும், பட்டத்தின் வேலையைச் செய்துவந்த பிள்ளைக்கே அந்தப் பட்டம் சேர்வதுதான் நியாயமான பங்கு.