மீசை முடி போட்ட மலைப்பாதை

காசி வழியாகப் பனிமலை வரை போகும் வடநாட்டு யாத்திரை வேனில் ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்தது. வழி தெரிந்தவருக்குத்தான் அது என்று ஏற்பாட்டாளர் சலூன் இசக்கிமுத்து சொல்லிவிட்டார். ஓய்வுபெற்ற சர்வேயர் தங்கப்பழத்துக்கோ, கண் மூடுவதற்குள் ஒரு தரம் பனியைப் பார்த்துவிட வேண்டும். வேலையில் இருந்தவரை அவர் அளந்ததெல்லாம் கயத்தாற்றுக் கரிசல் காடு. அதைச் சொன்னால் இடம் கிடைக்குமா?

“வடக்கே பனிமலை ஆத்துப் பள்ளத்தாக்குக்கு வரைபடம் போட்டதே நான்தான்!” என்றார்.

நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்த லாரி டிரைவர் மூக்கையா, கண்ணாடி வழியாகவே முறைத்தார். “எப்பவே?”

“கேளும். அங்க அடிக்கிற குளிருக்கு அளக்குற சங்கிலி பாதியாச் சுருங்கிப் போச்சு. அதை வச்சு அளந்தா, ஆறு ரெண்டு மடங்கு அகலம். படத்தைப் பாத்துப் பாலம் கட்டுனான். ஆறு நடுவுல ஓடுது, பாலம் ரெண்டு பக்கமும் வயக்காட்டுல நிக்குது.”

“இடிச்சாங்களா?”

“சர்க்கார் பாலத்தை யாருவே இடிப்பா? ஆத்துக்குத்தான் நோட்டீஸ் கொடுத்தோம். மறுவாரமே அகண்டு, பாலத்துக்குச் சரியா வந்து நின்னுச்சு.”

மூக்கையா சிரித்ததில் நுரை பறந்து கண்ணாடியில் ஒட்டியது. “நான் அந்தப் பக்கம் லோடு அடிச்சவன்வே. மலைப்பாதை பூராக் கொண்டை ஊசி வளைவு. அதுவும் உம்ம வேலையா?”

தங்கப்பழத்தின் கை தானாக மீசைக்குப் போனது. மீசை கைகொடுத்தது.

“அது இந்த மீசை பண்ணுன வேலை. மை காயுமுன்ன ஒரு முடி உதிர்ந்து படத்துல ஒட்டிக்கிட்டுது. ஆபீஸ்ல பாதைன்னு நினைச்சு, முடி சுருண்ட மாதிரியே மலையை வெட்டிட்டானுவ. பஸ் நுனியில ஏறி வேர்ல இறங்கும். ‘எதுக்கு இத்தனை சுத்து’ன்னு பெரிய இன்ஜினியர் கேட்டார். ‘படத்துல இருக்கு’ன்னோம். கும்பிட்டுட்டுப் போயிட்டார்.”

இசக்கிமுத்து கத்தியைத் துடைத்தார். “அண்ணாச்சி, நீங்க சொன்னதை அப்படியே நம்புதேன்.”

தங்கப்பழத்தின் கண்ணுக்குள் பனி பெய்யத் தொடங்கியது.

“அதனாலதான் பயமா இருக்கு,” என்றார் இசக்கிமுத்து. “இப்படி அளந்தவரை நம்பி வண்டியை எடுத்தா, காசிக்குக் கிளம்பி கன்னியாகுமரியில போய் நிப்போம். சும்மா சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இடம் உங்களுக்குத்தான்.”

ஒரே வார்த்தை. பனி ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம். மீசையை முறுக்கினார்.

“எனக்கு எதுக்குவே இடம்? நான் ஒரு சத்தம் கொடுத்தா, அந்தப் பள்ளத்தாக்கே பாலத்தோட, பனியோட இங்க வந்து நிக்கும்!”

“வரட்டும் அண்ணாச்சி,” என்றார் இசக்கிமுத்து, மூக்கையாவின் மறு கன்னத்தில் நுரை தடவிக்கொண்டே. “ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம். கடையில கூட்டமா இருக்கும்.”