யாரும் வைக்காத கை

சாலிகிராமத்து அனிமேஷன் ஸ்டூடியோவில் சபீனாவிடம் வேலை கற்றுக்கொண்டவர்களில் இன்பராஜ்தான் மூத்தவர். குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடர் ஐம்பதைத் தாண்டியவர். இங்கே சேரும்வரை கட்டடங்களுக்கு பிளான் வரைந்துகொண்டிருந்தார்.

அன்று காலை அவருடைய முதல் ஷாட்டை எல்லோர் முன்னாலும் ஓட்டினார்கள். ஒரு அப்பா மகளைப் பார்த்து, "வெளியே போ" என்கிறார். வலது கை வாசலைக் காட்டுகிறது. திடீரென்று இடது கை மகளை நோக்கி எழும்பி, அதே வேகத்தில் இடுப்புக்குத் திரும்பியது.

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை.

"இத வேற யார்கிட்டயாவது குடுங்க," என்று எழுந்து போய்விட்டார்.

இன்பராஜ் நேராக சபீனாவின் மேசைக்கு வந்தார். அவள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், அந்தக் கைய நான் வைக்கல."

"யார் வச்சா?"

"மெஷின். ஆட்டோ கீ ஆன்ல இருந்திருக்கு. கை மறைச்சதுல சட்டை மடிப்பு தெரியல. கொஞ்சம் நகர்த்திப் பார்த்துட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டேன். கீ போடுன்னு நான் சொன்னேனா?"

ஆட்டோ கீ யார் சொல்வதற்கும் காத்திருப்பதில்லை. அது இயங்கும்போது உருவத்தின் எந்த உறுப்பை நகர்த்தினாலும், அந்தக் கணத்துக்கு அதுவே நிலை என்று குறித்துக்கொள்ளும். அணைத்து வைத்திருந்தால், பார்ப்பதற்காக நகர்த்திய கை தானாகப் பழைய இடத்துக்குப் போய்விடும்.

"நகர்த்தினது சரி. அந்தப் பொண்ணு பக்கம் எதுக்கு நகர்த்தினீங்க?"

"எதுக்குன்னா? ஒரு காரணமும் இல்ல மேடம். ஏதோ ஒரு பக்கம்!"

"ம்."

"இத்தன வருஷம் பிளான் போட்டிருக்கேன். நான் போடாத ஒரு கோடு என் பிளான்ல இருந்ததில்ல. மெஷின் பண்ணின கூத்துக்கு நான் கோமாளியா? 'என்ன அங்கிள், அப்பாவுக்கு கரண்ட் அடிச்சுதா'ன்னு கேக்கறான் ஒருத்தன். என் பையன் வயசு இருக்குமா அவனுக்கு?"

சபீனா தன் போனை எடுத்து, தண்ணீர் பாட்டிலில் சாய்த்து நிறுத்தினாள். அங்கே அது வழக்கம்தான். ஒரு காட்சியை உருவாக்கும் முன் அதைத் தாங்களே நடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

"இப்ப சொன்னத மறுபடி சொல்லுங்க சார்."

"டைரக்டருக்கா காட்டப் போறீங்க?"

"சொல்லுங்க."

"காட்டுங்க. நல்லாக் காட்டுங்க!" அவர் குரல் உயர்ந்தது. "செய்யாத தப்புக்கு என்னை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சாரு. நீங்களும் பார்த்துட்டுதான் இருந்தீங்க. ஒரு வார்த்தை பேசல. எனக்கு இந்த ஷாட்டும் வேணாம், இந்த வேலையும் வேணாம். யாருக்கு வேணா குடுங்க. கிளம்பறேன். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்!"

பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

சபீனா போனை எடுத்தாள். பதிவானதை ஒலியில்லாமல் ஓடவிட்டு, அவர் பக்கம் திருப்பினாள்.

சின்னத் திரையில் இன்பராஜ் சத்தமில்லாமல் கத்தினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வலது கை கதவைக் காட்டியது. இடது கை அவளுடைய மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுக்கும் அளவுக்கு.

அவர் பார்த்தார். இன்னொரு முறை ஓடவிட்டாள்.

"இந்தக் கைய யார் வச்சா சார்?"

அவர் மேசையிலிருந்து கையை எடுத்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல நின்றார்.

"வேற யாருக்கோ குடுக்கச் சொல்லிட்டாரே," என்றார்.

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க போய் ஆட்டோ கீய அணைங்க."

"அணைச்சிட்டு? அந்தக் கைய எடுத்துடட்டுமா?"

"எடுத்துடுங்க," என்றாள் சபீனா. "அப்புறம் நீங்களே வைங்க."