கிட்டாரின் கழுத்து இளைத்த கதை

அந்தக் காலத்தில் மின்சாரம் கம்பத்தில் வரவில்லை, வானத்திலிருந்து நேரே வந்தது. காட்டில் இருந்த எல்லா உயிர்களும் பேசின. பேச்சில் ஒன்றுக்கொன்று சளைத்ததும் இல்லை.

கரட்டுமலையில் அப்போது ஒரே ஒரு கிட்டார்தான் இருந்தது. செய்தவன் மொக்கையன் என்கிற கரடி. பலாக்கட்டையில் உடம்பு, வேங்கைக்கட்டையில் கழுத்து, மேலே ஆறு கம்பி. உடம்பிலிருந்து ஒரு கொடி மலை உச்சிவரை போகும். உச்சியில் மின்னல் இறங்கினால் அது கொடி வழியாக வந்து கிட்டாருக்குள் புகுந்துகொள்ளும். அப்புறம் கம்பியைத் தொட்டால் போதும், மலையே அதிரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மழைமேகம் நிற்கும். கேட்காவிட்டால் அது பாட்டுக்கு அடுத்த சீமைக்குப் போய்விடும்.

வருஷத்துக்கு ஒரு கூட்டம் வாசிக்க வேண்டும் என்பது மலையின் முறை. மேகத்தை நிறுத்தத் தவறிய கூட்டம் மூட்டை முடிச்சோடு மலையைவிட்டு இறங்கிவிட வேண்டும். கரடிகள் வாசித்துவிட்டன. குரங்குகளும் வாசித்துவிட்டன. அந்த வருஷம் தேவாங்குகளின் முறை. வாசிக்க வேண்டியவள் வீராயி.

வீராயிக்குக் காது கூர்மை. ஒருதரம் கேட்ட பாட்டு அவளுக்கு மறக்காது. ஆனால் கை? ஒரு நெல்லிக்காயைப் பிடித்தாலே நிறைந்துவிடுகிற கை. மொக்கையனோ கழுத்தைத் தன் கைக்குத் தக்கபடி செதுக்கி வைத்திருந்தான். உலக்கை மாதிரி கனம், அகலத்தில் பலகை. வீராயி கட்டைவிரலைப் பின்னால் கொடுத்துப் பிடித்தால் மற்ற விரல்கள் பக்கத்துக் கம்பியோடு நின்றுவிடும். அந்தக் கோடியில் இருக்கும் தடித்த கம்பியைத் தொடக் கட்டைவிரலை விட வேண்டும். விட்டால் பிடியே போய்விடும்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கையை வளர்க்கக் கிளம்பிவிட்டார்கள். "இழுத்தா எதுதான் நீளாது?" என்று கேட்டான் அவள் மாமன் சின்னாண்டி. விரலுக்கு விரல் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். வேப்பெண்ணெய் தடவி, ஆளுக்கு ஒரு விரலாகப் பிடித்து இழுத்தார்கள். விரல் வீங்கியதுதான் மிச்சம்.

"ஏந்தாயி, கையி வளந்துச்சா?" என்று மரத்துமேலிருந்து கேட்டுச் சிரித்தான் குரங்கு சடையாண்டி. போன வருஷம் மேகத்தை நிறுத்தியவன் அவன். அந்தத் தெனாவெட்டு இன்னும் இறங்கவில்லை.

வீராயி நேரே மொக்கையனிடம் போனாள்.

"மொக்கையண்ணே, கழுத்தைக் கொஞ்சம் இழைச்சுக் குடுங்க. பிடிக்க முடியல."

"கழுத்தையா? நான் வாசிக்கலையா? சடையாண்டி வாசிக்கலையா? ஒனக்குக் கை பத்தலைன்னா அது கிட்டாரு குத்தமா?" என்று மொக்கையன் தேனடையை நக்கிக்கொண்டே திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வீராயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனுக்கு முன்னால் அழ மனசு வரவில்லை. அடக்கிக்கொண்டு திரும்பினாள்.

ஒருநாள் உச்சி வெயிலில் மேற்கே மேகம் கறுத்தது. மலையே கிட்டார் வாசிக்கிற பாறைக்கு முன்னால் கூடிவிட்டது. தேவாங்குகள் மூட்டை கட்டி, குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, இறங்கிப் போகிற வழியைப் பார்த்தபடியே வந்து உட்கார்ந்தன. வீராயி பாறைமேல் ஏறிக் கிட்டாரை மடியில் போட்டாள். வீங்கிய விரல்களை ஒருமுறை பார்த்தாள். இந்தக் கையால்தான் அவள் கொம்பு விட்டுக் கொம்பு போயிருக்கிறாள், ஒரு சலங்கைப் பூச்சிகூடத் தப்பாமல் பிடித்திருக்கிறாள், தூங்கும்போதும் கிளையை விடாமல் இருந்திருக்கிறாள். இதையா எல்லோரும் குறை என்கிறார்கள்? அவளுக்குச் சுரீர் என்று கோபம் வந்தது.

கம்பிகளைத் தளர்த்தினாள். கிட்டாரைக் குப்புறக் கவிழ்த்தாள். கீழே கிடந்த ஒரு வெங்கச்சாங்கல்லை அறைந்து உடைத்து, கத்திபோல் கூராக நின்ற சில்லை எடுத்துக் கழுத்தின் முதுகில் வைத்து ஓர் இழு இழுத்தாள்.

மொக்கையன் எழுந்து நின்றுவிட்டான். "ஏய்! நான் ஒரு கோடை பூரா செதுக்குன கழுத்துடி அது!"

"ஒங்க கைக்குச் செதுக்குனீங்கண்ணே. இன்னிக்கு வாசிக்கப்போறது என் கையி," என்றாள் வீராயி. "எங்க ஆத்தா குடுத்த கையி இது. இதுல ஒரு குத்தமும் இல்ல. அளவு தப்புனது கழுத்துலதான்."

மேகம் மலைக்கு நேரே வந்துகொண்டிருந்தது. அவள் அதைத் திரும்பியும் பார்க்காமல் சுரண்டினாள். சுரண்டுவாள், கையால் பிடித்துப் பார்ப்பாள், மறுபடியும் சுரண்டுவாள். முதுகை இழைத்தாள், இரண்டு ஓரத்தையும் ஒடுக்கினாள். கழுத்தின் குறுக்கே பதித்திருந்த மெட்டுக் கட்டைகளின் நுனி வெளியே நீட்டிக் கையைக் கீறியது. பாறையில் தேய்த்து மழுக்கினாள். கம்பிகள் படிகிற எலும்புத் துண்டில் புது வெட்டுப் போட்டு அவற்றை நெருக்கி மாட்டினாள்.

"இன்னும் இழைச்சிரு தாயி, குச்சியாட்டம் ஆக்கிரு!" என்று கத்தினான் சின்னாண்டி.

வீராயி பிடித்துப் பார்த்தாள். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் கட்டைவிரல் ஊன்ற இடமில்லாமல் கையில் தசை பிடித்துக்கொள்ளும். "போதும் மாமா," என்று சில்லைக் கீழே போட்டுவிட்டு, கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தாள்.

மின்னல் உச்சியில் இறங்கியது. கொடி சடசடத்தது. வீராயியின் கட்டைவிரல் பின்னால் வாகாக உட்கார, மற்ற விரல்கள் கழுத்துக்குக் குறுக்கே நீண்டு, அந்தக் கோடியில் இருந்த தடித்த கம்பியில் போய் விழுந்தன. மலை அதிர்ந்தது. கரடிகள் வாசித்தபோது இப்படி அதிரவில்லை, குரங்குகள் வாசித்தபோதும் இல்லை. தன் அளவுக்கு ஒரு கழுத்து கிடைத்ததும் அந்தச் சின்னக் கை என்னவெல்லாம் செய்தது! மேலே ஓடியது, கீழே இறங்கியது, ஆறு கம்பியையும் ஒரே பிடியில் அமுக்கியது. கடந்துபோக வந்த மேகம் அப்படியே நின்று கேட்டது. பிறகு பெய்தது. தேவாங்குகள் மூட்டையைப் போட்டுவிட்டு மழையில் குதித்தன. "எங்க வீராயி! எங்க வீராயி!" என்று சின்னாண்டி தொண்டை கட்டுகிறவரைக்கும் கத்தினான். வீராயி தலையைக் குனியவே இல்லை. ஏன் குனிய வேண்டும்?

மொக்கையன் நனைந்துகொண்டே வந்து கிட்டாரை வாங்கி வாசித்துப் பார்த்தான். ஒரு கம்பியை அமுக்கினால் அவன் விரல் இரண்டு கம்பியில் விழுந்தது. மெலிந்த கழுத்தை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை சுளுக்கிக்கொண்டது.

"இது என் கைக்கு ஆகல தாயி," என்றான். குரல் இறங்கியிருந்தது.

"எப்பிடியண்ணே ஆகும்? ஒங்க கை பெரிய கை. ஒங்களுக்குத் தடியா வேற கழுத்து செஞ்சு மாட்டுங்க. நம்ம மலையில மரத்துக்கா பஞ்சம்?"

மரத்துமேலிருந்து சடையாண்டி மெதுவாக இறங்கி வந்தான். "அண்ணே, எனக்கும் அந்தப் பழைய கழுத்து ஆகவே இல்ல. மணிக்கட்டு விட்டுப்போற மாதிரி வலி. வெளிய சொன்னா கேவலம்னு இருந்துட்டேன். எனக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவாந்தரமா..."

மொக்கையன் அவனை முறைத்தான். அப்புறம் அவன் கையைப் பிடித்து இழுத்து, விரித்து, அளவு பார்த்தான்.

அன்று முதல்தான் கிட்டார்களின் கழுத்து அகலமாகவும் ஒடுக்கமாகவும், தடியாகவும் மெலிதாகவும் பல தினுசில் வருகிறது. அன்று முதல்தான் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் கம்பியைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைக் கையால் பிடித்துப் பார்க்கிறார்கள். பிடி வாகாக இல்லையென்றால் தங்கள் கையை நொந்துகொள்ளாமல், தலை நிமிர்ந்து, "வேற எடுங்க" என்கிறார்கள்.